பச்சை படியாத எலும்பு

டெஸ்ஸா அழுதுகொண்டே தெருவைக் கடப்பதை மோரீன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். உடனே அவள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனது. கிண்ணத்தோடு டெஸ்ஸா நுழைந்த எதிர்வீட்டுக்கு, ஆட்ரியின் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்ரி ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். டெஸ்ஸா, பழைய கார் நிறுத்துமிடத்தைத் தோண்டி இடைக்காலக் கல்லறைகளை வெளியே எடுக்கும் குழுவில் பயிற்சியாளர். அந்தத் தூசி தன் திரைச்சீலைகளைப் பாழாக்கியதை மோரீன் யாரையும் மறக்க விட்டதில்லை.

குழுத் தலைவர் டாக்டர் லையல் ஒரு எலும்புக்கூட்டின் கழுத்தெலும்பு மேல் உடையில் குத்தும் வெண்கல ப்ரூச் ஒன்றைக் கண்டெடுத்தாராம். அந்த எலும்புகளையும் அவரே தனியாக எடுத்தாராம். அதனால் வெள்ளிக்கிழமை முடியவேண்டிய வேலையை நீட்டிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பவிருந்த இன்று காலை ப்ரூச்சைக் காணோம். கண்டெடுத்தவற்றை வைக்கும் கொட்டகையின் சாவி லையலிடமும் டெஸ்ஸாவிடமும்தான் இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள நான் அதைத் திருப்பிக் குடுக்கலைன்னா போலீஸாம். அப்புறம் எந்தக் குழியிலயும் என்னை இறங்க விடமாட்டாங்க" என்றாள் டெஸ்ஸா.

அந்த இடத்தில் கட்டடம் கட்டவிருக்கும் முதலாளிதான் திருடன் என்று மோரீன் கொட்டகைக்குப் போகும் வழியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கொட்டகையில் ஆட்ரி ஒரு தாடையெலும்பைப் பார்த்தாள். அதில் நகமளவு பச்சைக் கறை. பிணத்துணியில் குத்திய செம்பு ஊசி அங்கே கிடந்து, அதன் களிம்பு ஊறியதாம். பக்கத்துத் தட்டில் ப்ரூச் கிடந்த கழுத்தெலும்பு, தேநீர் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

லையலை அழைத்து வரச் சொன்னாள்.

"ஒரு சின்ன ஊசி தாடையவே பச்சையாக்கியிருக்கு, டாக்டர். செம்பு கலந்த அத்தனை பெரிய ப்ரூச் நூத்துக்கணக்கான வருஷம் கிடந்த எலும்புல ஏன் ஒண்ணுமே இல்லை?"

"கழுவியிருப்பாங்க" என்றாள் மோரீன்.

"ஊறினது கழுவினா போகாது" என்ற டெஸ்ஸா, சட்டென்று லையலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அது அங்க கிடக்கலை, கொண்டுவந்து வெச்சது. ஆய்வகத்துக்குப் போனா, கூடவே எலும்பையும் கேப்பாங்க, குட்டு வெளிப்பட்டுடும். ப்ரூச்சே காணோம்னா எலும்பை யாரு பாக்கப்போறா?" என்றாள் ஆட்ரி.

லையல் கோட்டுப் பையிலிருந்து ப்ரூச்சை எடுத்து மேசையில் வைத்தார்.

"வேலையை நீட்டிக்கட்டும்னு பழைய சாமான் கடையில வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் காங்கிரீட் கொட்டிடுவாங்க. வடக்கு மூலையில குழந்தைங்க கல்லறை இன்னும் எடுக்கலை. விட்டுட்டுப் போக மனசு வரலை."

"அதுக்கு இந்தப் பொண்ணைப் பலி குடுத்தீங்களா?"

லையல் அவர்கள் முன்னாலேயே மேலிடத்துக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். நீட்டிப்புப் பேச்சு அதோடு செத்தது.

டெஸ்ஸா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண் சுரண்டும் கரண்டியோடு வடக்கு மூலைக்குப் போய் மண்டியிட்டாள். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை.

மோரீன் வீட்டுக்குப் போய், தோட்டவேலைக்குப் போட்டுக்கொள்ளும் முழங்கால் மெத்தையோடு திரும்பி வந்தாள்.

"தூசி எப்படியும் என் வீட்டுக்குத்தானே வரப்போகுது. வாளியை இப்படிக் குடு" என்றாள்.