அமானுக்கு அளவான புத்தகம்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் நிஸாமின் புடவைக் கடை இருக்கிறது. பாடசாலைச் சீருடை வாங்க கம்பளையிலிருந்தும் கலகெதரயிலிருந்தும்கூட ஆட்கள் அங்கே வருவார்கள். நிஸாமிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளை வந்தாலும் இரண்டு சைஸ் பெரிய உடுப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்.

"வளருற புள்ள தானே! அடுத்த வருஷமும் போடலாம்" என்பார்.

அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். எட்டு வயது அமானின் காற்சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கும். சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்திருக்கும். அவன் ஓடினால் முதலில் அவன் போவான், சப்பாத்து பிறகு வரும். அவனுடைய அக்கா ருஷ்தா ஆறாம் தரத்தில் படித்தாள். அவளுடைய சீருடையின் இடுப்பில் எப்போதும் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். குனியும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடுப்பு பெரிதானால் மடித்துத் தைக்கலாம், ஊசி குத்தலாம். புத்தகம் பெரிதானால் என்ன செய்வது?

அந்தத் தொல்லை அமானுக்கு வாசிப்பு மாதத்தில் வந்து சேர்ந்தது. மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்களாகவே வாசித்த ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று பர்ஹானா டீச்சர் சொல்லியிருந்தார். உடனே அமானின் வாப்பா நிஸாம், தன் கடைக்கு எதிரே இருந்த கஜலட்சுமி அன்ட்டியின் புத்தகக் கடைக்குப் போனார். அங்கே தாளைத் தடவிப் பார்த்தார். அட்டையை இழுத்துப் பார்த்தார். கையில் தூக்கிக் கனம் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை எடுத்தார். அது பழைய காலத்து அரசர்களின் போர்க் கதை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"நானா, தம்பிக்கு இது கொஞ்சம் பெருசுங்களே" என்றார் கஜலட்சுமி அன்ட்டி. நிஸாமை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"வளருற புள்ள தானே!" என்றார் வாப்பா.

அதோடு விட்டாரா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "என்ட மகன் எவ்வளவு தடிச்ச புத்தகம் வாசிக்கிறான் தெரியுமா?" ஒருநாள் துணி எடுக்க வந்த பர்ஹானா டீச்சரிடமும் சொல்லிவிட்டார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே வகுப்பில் அறிவித்தார். "வியாழக்கிழமை அமான் ஒரு பெரிய புத்தகத்தைப் பத்தி நமக்குச் சொல்லப் போறார்!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். அமான் மட்டும் குனிந்து சப்பாத்துக்குள்ளிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ருஷ்தா சமையலறைக்குள் வந்தபோது, அமான் அந்தப் புத்தகத்தின் மேல் ஏறி நின்று அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் புத்தகத்தால் அவனுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

"டேய்! வாசிக்கிற புத்தகத்தில ஏறி நிக்கிறியா?"

அமான் இறங்கினான். பிஸ்கட்டை வாயில் வைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ராத்தா, எனக்கு வாசிக்க ஏலா" என்றான். ராத்தா என்றுதான் அவன் அக்காவைக் கூப்பிடுவான். "முதலாவது பக்கத்தையே தாண்ட ஏலாம ஈக்கு. நான் மக்கு போல."

"யாரு செல்லின நீ மக்கு எண்டு? கடையில ஈக்கிற போர்ட் எல்லாத்தையும் பஸ்ஸிலிருந்தே வாசிக்கிறாய்தானே. வாப்பாக்கிட்ட செல்லுவம், வா."

"வேணாம், வேணாம்!" அமான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வாப்பா எல்லார்ட்டயும் செல்லி வெச்சிட்டார். இப்ப ஏலா எண்டா அவருக்கு வெக்கமா ஈக்கும்."

ருஷ்தாவுக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் தன் பழைய புத்தகங்களைக் கிளறி, மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய பூனைப் படம். படத்துக்குக் கீழே ஒரு வரி.

அமான் அதை ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது நேர்சரிப் புள்ளைகள்ட. இதக் கொண்டுபோனா எங்கட வகுப்புச் சஞ்சீவ் சிரிப்பான். நான் சரியான கதைப் புத்தகம் வாசிக்கணும் ராத்தா. அத்தியாயம் அத்தியாயமா ஈக்குமே, அது."

பெரியதும் சரிவரவில்லை, சின்னதும் சரிவரவில்லை. ருஷ்தா அன்று முழுவதும் யோசித்தாள். பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டதும் இருவரும் வழக்கம்போல் கடைக்கு வந்தார்கள். வாப்பா வியாபாரத்தில் இருந்தார். புசல்லாவையிலிருந்து ஓர் அம்மா தன் மகனுக்கு வெள்ளைச் சட்டை எடுக்க வந்திருந்தார்.

"இன்னும் பெருசா குடுங்க நானா. இவன் மளமளன்னு வளர்றான்" என்றார் அந்த அம்மா.

வழக்கமாக இந்தப் பேச்சைக் கேட்டால் வாப்பாவின் முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"கை நீளமா ஈக்கலாம், மடிச்சு உடலாம். ஒடம்பு தொளதொள எண்டு ஈக்கலாம். ஆனா கொலர் மட்டும் அளவா ஈக்கணும்." அவர் அந்தப் பையனின் கழுத்துக்கும் கொலருக்கும் நடுவில் தன் விரல்களை விட்டுக் காட்டினார். "பாருங்க, ரெண்டு வெரல் போனா நல்ல அளவு. ஒரு வெரலும் போகாட்டி இறுக்கம். கை முழுக்கப் போனா, புள்ள சட்டைக்குள்ள காணாமப் போயிடும்."

புசல்லாவை அம்மா சிரித்துக்கொண்டே சரியான சட்டையை வாங்கிப் போனார்.

ருஷ்தா சிரிக்கவில்லை. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அமானைக் கடையின் பின்னறைக்கு இழுத்துப் போனாள். துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவன் பையிலிருந்த தடித்த புத்தகத்தை விரித்தாள்.

"ஒரு பக்கம் சத்தமா வாசி. தெரியாத சொல்லு வந்தா ஒரு வெரல மடக்கு."

அமான் வாசித்தான். "கொத்தளத்தின் மீது..." ஒரு விரல் மடங்கியது. "முற்றுகையிட்ட படைஞர்..." இன்னும் இரண்டு விரல்கள். நாலாவது வரியைத் தொடுவதற்குள் கை முழுவதும் மடங்கிவிட்டது.

"அடுத்த கையையும் எடுக்கவா?" என்று கேட்டான் அமான்.

"வேணாம். கை முழுக்கப் போயிட்டு. நீ மக்கு இல்லடா. புத்தகம்தான் அளவு பெரிசு!"

அமான் மூடிய கையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தும் போனது.

"வாப்பாக்கு யாரு செல்ற?"

"நான் செல்றன். நீ கூட வந்து நின்னாப் போதும்."

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ருஷ்தா வெளியே போய், வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வந்தாள். வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றாள். புத்தகத்தைக் கவுண்டரின் மேல் வைத்தாள்.

"முதலாளி, இது எங்கட தம்பிக்கு எடுத்தது. சைஸ் பெரிசு. மாத்தித் தருவீங்களா?"

வாப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்து அவரும் சேர்ந்துகொண்டார்.

"பில் ஈக்கா? தோச்சீங்களா?"

"தோய்க்க இல்ல. ஏறித்தான் நின்னான்" என்றாள் ருஷ்தா. அமான் அவளை முறைத்தான்.

பிறகு அவள் விளையாட்டை விட்டுவிட்டு, விரல் மடக்கிய கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க வாப்பாவின் சிரிப்பு குறைந்தது.

"இந்த நல்ல புத்தகமா பெரிசு? கொஞ்சம் மனசு வெச்சு வாசிச்சா..."

"அப்ப நீங்க ஒரு பக்கம் வாசிங்க வாப்பா" என்றாள் ருஷ்தா.

வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "அகழியைக் கடந்த..." நன்றாகத்தான் போனது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு விரலை மடக்கினார். "இது என்ன சொல்லு? யாரு இப்படிக் கதைக்கிற?" இன்னொரு விரல். மூன்றாவது. பக்கம் முடிவதற்குள் கட்டை விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கும் கொஞ்சம் தொளதொளதான் வாப்பா" என்றான் அமான்.

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கவுண்டரைச் சுற்றி வந்து அமானின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏன் மகன் என்கிட்ட செல்ல இல்ல?"

"நீங்க எல்லார்ட்டயும் சந்தோஷமா செல்லிட்டு இருந்தீங்க."

தான் பெருமையடித்த ஒவ்வொரு நாளும் மகன் பயந்துகொண்டு இருந்திருக்கிறான் என்பது வாப்பாவுக்கு இப்போதுதான் புரிந்தது. மனம் மிகவும் வருந்தியது. அமானின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"வாங்க, எதிர்க் கடைக்குப் போவம். இந்த முறை நான் கையே வைக்க மாட்டன்."

கஜலட்சுமி அன்ட்டி அவர்களைக் கண்டதும், "என்னா நானா, இன்னும் தடிச்சதா வேணுமா?" என்று கேட்டார்.

"இல்ல தங்கச்சி. போட்டுப் பாத்து எடுக்க வந்திருக்கோம்" என்றார் வாப்பா.

அன்ட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ருஷ்தா விளக்கியதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பரீட்சை வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்த சிறுவர் கதைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார்.

"புடிச்சத எடு. எனக்காக எடுக்காத, வாப்பாக்காகவும் எடுக்காத" என்றாள் ருஷ்தா.

அமான் முதலில் ஒரு கிரிக்கெட் கதையை எடுத்தான். நாலு விரல் மடங்கியது. வைத்துவிட்டான். அடுத்தது ஒரு யானைக் கதை. ஒரு விரலும் மடங்கவில்லை, ஆனால் அவனுக்குக் கொட்டாவி வந்தது. அதையும் வைத்தான். வாப்பாவின் கை தானாகவே ஒரு தடித்த புத்தகத்தை நோக்கிப் போனது. ருஷ்தா பார்த்தாள். கை திரும்பிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அப்போது அமானின் கண்ணில் ஓர் அட்டைப்படம் பட்டது. மலைப் பாதையில் ஒரு பஸ். பஸ்ஸின் கூரையில் ஒரு குரங்கு. அதன் கையில் கொண்டக்டரின் காசுப் பை. உள்ளே சின்னச் சின்ன அத்தியாயங்கள். அமான் ஒரு பக்கம் வாசித்தான். ஒரு விரல் மடங்கியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பக்கம் முடிந்தது. எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள்.

அமான் கையைப் பார்க்கவில்லை. அவன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தான்.

"இதப் பொதி பண்ணித் தாங்க" என்றார் வாப்பா.

"பொதி பண்ண மொதல்ல அவன் குடுக்கணுமே" என்றார் கஜலட்சுமி அன்ட்டி.

வியாழக்கிழமை வந்தது. பர்ஹானா டீச்சர் அமானைக் கூப்பிட்டார். அவன் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"அமான், அந்தப் பெரிய புத்தகம் எங்க?"

அமானின் காது சூடானது. ஆனாலும் நிமிர்ந்து நின்றான்.

"அது எனக்கு இன்னும் பெரிசு டீச்சர். வாசிக்க ஏலல்ல. இதுதான் எனக்கு அளவு. இத நானேதான் எடுத்தன்."

டீச்சர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு முகம் முழுவதும் சிரிப்பானது. "சரி, எங்களுக்கும் சொல்லுங்க" என்று தன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அமான் சொன்னான். பஸ் பழுதாகி நின்றதைச் சொன்னான். குரங்கு காசுப் பையோடு கூரையில் ஏறியதைச் சொன்னான். கொண்டக்டர் அதோடு பேரம் பேசியதை நடித்தே காட்டினான். சஞ்சீவ் சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினான். குரங்கு பையைத் திறந்து வீதியெங்கும் காசை வீசத் தொடங்கியது. அந்த இடத்தில் அமான் நிறுத்தினான்.

"அப்புறம்?" என்று பல குரல்கள் கேட்டன.

"எனக்கும் தெரியா. இன்னும் ரெண்டு அத்தியாயம் ஈக்கு."

வகுப்பே "ஐயோ!" என்றது. அந்த நேரம் பார்த்து இடைவேளை மணியும் அடித்தது.

தம்பிக்கு என்ன ஆயிற்றோ என்று ருஷ்தா ஆறாம் தரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். யன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். யாரும் விளையாடப் போயிருக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அமானின் தலை மட்டும் தெரிந்தது.

"அமான்! டேய், என்ன ஆச்சு? டீச்சர் ஏசினாங்களா?" என்று கூப்பிட்டாள்.

அமான் தலையைத் தூக்கவே இல்லை.

"ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க ராத்தா. நான் வாசிச்சிக்கிட்டு ஈக்கேன்!"