பட்டியலில் அடிக்காத வரி

1996 நவம்பர் 9, சனி.
பெட்ரோல் டாங்க் பெயிண்ட் கடையிலிருந்து வந்துவிட்டது. இடது பக்கத்துப் பள்ளத்தை எடுத்துவிட்டார்கள். வேண்டாமென்று சொல்ல மறந்துபோனேன். சின்னத் தவறு.

எழுதி முடித்த பாலுசாமி, 'சின்ன' என்பதை மட்டும் அடித்தான். மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் அவனுக்கு டைரி. வீட்டை ஒட்டிய ஷெட்டில், கண்ணாடிபோல் மின்னிய நீல டாங்கைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஐப்பசி மழை. பாதி வேலை முடிந்த பழைய யெஸ்டி பைக்கை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவன், காந்திபுரத்தில் அது நின்றுபோக, ஒரு ஜவுளிக்கடை ஓரமாக ஒதுங்கினான்.

"ஏனுங்க... இந்த வண்டிய எங்க திருடுனீங்க?"

திரும்பினான். கம்ப்யூட்டர் கிளாஸ் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒரு பெண். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அடேயப்பா... என்ன கோபம் அந்தக் கண்களில்!

"திருடலீங்க. உக்கடத்துல, காயலாங்கடைல வாங்குனேன். ரசீது இருக்குதுங்க."

"ரசீது வாங்கிட்டுத் திருடற ஆளுங்களா?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துளி விழுந்தது. அவள் டாங்கின் இடது பக்கம் குனிந்து, எலுமிச்சை அளவிருந்த பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"நாந்தானுங்க இதப் பண்ணுனேன். பன்னெண்டு வயசுல, ஓட்டறேன்னு எடுத்து, கெணத்துச் செவுத்துல உட்டுப்போட்டேன். நாந்தான் உட்டேன்னு எங்கண்ணன் சொல்லி, அப்பாகிட்ட அடி வாங்குனான்."

அவள் பெயர் சண்முகப்பிரியா. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பம். அண்ணன் மதன்குமார் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு பெருந்துறைக்குப் போய்விட, அந்த வாரமே அப்பா வண்டியை எடைக்குப் போட்டுவிட்டார். இப்போது வீட்டில் அவன் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது.

"வண்டிய எப்படி வேணும்னாலும் மாத்திக்கோங்க. இந்தப் பள்ளம் மட்டும் இருக்கட்டுங்க... இருக்குமுங்களா?"

"இருக்குமுங்க."

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவள் ஷெட்டுக்கு வந்தாள். அவன் அளவெடுத்து வளைத்திருந்த புது ஹேண்டில்பாரைப் பார்த்து, "ஏனுங்க, இது ஹேண்டிலா, மாட்டுக்கொம்பா?" என்றாள். அவன் அம்மா கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். அன்றைய டைரியில், செயின் மாட்டியதற்குக் கீழே ஒரு வரி: பிரியா இரண்டு முறை சிரித்தாள்.

எல்லாவற்றையும் எழுதி வைப்பவன்தான். வண்டியை வாங்கிய அன்றே நாற்பத்தொரு வேலைகளுக்குப் பட்டியல் போட்டிருந்தான். இருபத்தேழாவது வரி: டாங்க் பள்ளம் எடுக்க. அவளுக்கு வாக்குக் கொடுத்தவன், அந்த வரியை அடிக்க மறந்து, பட்டியலையும் டாங்கையும் பெயிண்ட் கடை அக்பர் அலியிடம் கொடுத்துவிட்டான்.

விஷயம் தெரிந்ததும் அக்பர் அலி அவன் தோளைத் தட்டினார். "மொகத்தத் தொங்கப்போடாதீங்க தம்பி. பாய்தான் பண்ணிட்டாருன்னு சொல்லிப்போடுங்க. திட்டு எனக்குப் பழக்கம்."

ஞாயிறு அவள் வந்தாள். கட்டைவிரல் நீலத்தில் வழுக்கியது. மறுபடி தேடியது.

"எங்கீங்க... காணோம்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "பெயிண்ட் கடைல... பாய் அவரா எடுத்துப்போட்டாருங்க."

"பரவால்லீங்க," என்றாள். காப்பி அப்படியே ஆறிப்போனது.

அந்த வாரத்தில் நாற்பத்தொரு வரிகளையும் அடித்து முடித்தான். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க அந்தச் சத்தம்... கேட்கத்தான் அவள் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பானோ? அவள் 'பரவால்லீங்க' என்றதல்லவா தூங்கவிடவில்லை!

சனிக்கிழமை அவள் கிளாஸ் வாசலில் காத்திருந்து, மசி படிந்த பட்டியலை நீட்டினான்.

"இருபத்தேழாவது படிங்க. என்ற எழுத்துதானுங்க. பாய் மேல தப்பில்லீங்க."

படித்தாள். கட்டைவிரல் அந்த வரியின் மேல் நின்றது.

"எங்கண்ணன் செய்யாததச் செஞ்சேன்னு சொன்னான். நீங்க செஞ்சத இன்னொருத்தர் தலைல வெச்சுட்டீங்க. ஏனுங்க?"

"உண்மையச் சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு... பயந்துபோட்டேனுங்க. ஞாயித்துக்கிழமைக்காவத்தான் மத்த ஆறு நாளும் ஷெட்டுல கெடந்தேன். வண்டிக்காவ இல்லீங்க."

அவள் கண்கள் நிறைந்தன. இன்று மழையும் இல்லை, சாக்குச் சொல்ல.

கருமத்தம்பட்டி பஸ் வந்து நின்றது.

"வண்டி ஓடுதுங்களா?"

"ஒரே உதைலீங்க."

"நாளைக்கு அண்ணன்கிட்டக் கொண்டு போங்க. இப்பச் சொன்னத அவன்கிட்டயும் சொல்லோணும்."

"எல்லாத்தையுமுங்களா?"

"பள்ளத்தப் பத்தி மட்டும்!" படியில் ஏறியவள் திரும்பினாள். "பின்னால எல்லாம் உக்கார மாட்டேன். பஸ்லதான் வாரேன்."

பட்டியலை அவள் திருப்பித் தரவில்லை.

1996 நவம்பர் 16, சனி.
9ஆம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். பள்ளத்தை எடுக்கச் சொன்னது நான்.
நாளை: காலை ஏழு மணிக்கு அக்பர் பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கிருந்து பெருந்துறை.