சுண்டுவிரல் தாமதம்

எங்கள் கணினி இசை மாலை வகுப்பு நடக்கும் கட்டடம் ஒரு காலத்தில் நர்ஸுகள் தங்கிப் படித்த விடுதி. அமெரிக்காவின் டுலூத் நகரில் குன்றின் மேல், ஏரியைப் பார்த்து நிற்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நான் போன அன்றும் வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்தேன். ஹீட்டர் குழாய்கள் வழக்கம்போல டக் டக்கென்று தட்டின. ஈரக் கம்பளியின் வாடை. கணினி அறையில் என் வகுப்புத் தோழன் கோல் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.

மார்னியின் நாற்காலியை யாரோ சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள்.

நவம்பரில் அவள் கார் பனிக்கட்டியில் சறுக்கிப் பாலத்தின் தூணில் மோதியது. நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தோம். மெட்டு அவளுடையது. பியானோவும் அவள்தான் வாசித்திருந்தாள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா கெர்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிரிட்டா, உங்க வகுப்புக் கச்சேரியில அவ பாட்டப் போடுவீங்கதானே? அவ வாசிச்சபடியே எனக்குக் கேக்கணும். எதையும் திருத்திடாதீங்கம்மா."

சரி என்றேன். வாக்கு கொடுத்தது நான்தான், கோல் அல்ல. அதனால் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அவள் வாசித்தது கணினியில் மிடி டிராக்காகப் பதிவாகியிருந்தது; அதில் ஒலி இருக்காது. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். ஆனால் அந்த விவரத்தில் வாசித்தவள் இருப்பாள். பள்ளியில் ஹாக்கி ஆடும்போது மார்னியின் இடது சுண்டுவிரல் உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. குளிர் காலத்தில் அதில் ஒரு தைலம் தடவிக்கொண்டே வாசிப்பாள். அந்த விரல் தொடும் கீழ் சுரம் மட்டும் ஒரு இமைப்பு தாமதமாக, மற்றவற்றைவிடக் கனமாக விழும்.

கோலுக்கு அது பிடிக்கவில்லை.

"சீராக்கிடலாம். தாளத்துல உக்காரலையே."

"அவங்க அம்மா திருத்த வேண்டாம்னு சொன்னாங்க."

"ஐயோ, திருத்தல. பிளேபேக் அமைப்புல மட்டும்தான் வைக்கிறேன். கேக்குறப்போ நேரா கேக்கும், அவ சுரமெல்லாம் அடியில அப்படியே இருக்கும். கச்சேரி அன்னிக்கு எடுத்துடலாம். வகுப்புல பாதி நேரம் தூங்கினியா நீ?"

அவன் சொன்னது உண்மைதான். எல்லா அமைப்பையும் பூஜ்யத்தில் வைத்தால் அடியில் இருப்பது திரும்பிவரும். இருந்தாலும் எனக்கு ஒரு பிரதி கொடு என்று கேட்டேன். "ரெண்டு இடத்துல வச்சிருக்கேன், பாட்டி மாதிரி பயப்படாதே" என்றான். நான் எப்போதும் அதிகமாகச் சந்தேகப்படுகிறவள். அதனால் என் சந்தேகத்தையே நம்பாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வகுப்பில் அவன் போட்டிருந்த அமைப்பு அணைந்திருந்தது. சுண்டுவிரல் மறுபடியும் தாமதமாக விழுந்தது.

"நீதானே மாத்தின?" என்றான்.

"நான் தொடவே இல்ல."

அவன் மறுபடியும் போட்டான். அதற்கடுத்த வகுப்பில் மறுபடியும் அணைந்திருந்தது. என்னைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது என்றான். நானும் அவனைத்தான் நினைத்தேன், என்னைக் கேலி செய்கிறான் என்று. அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது ஹெட்போனைக் கழற்றினேன்.

அதன் பஞ்சில் தைல வாடை அடித்தது.

கோலிடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

கச்சேரி, அதே கட்டடத்தின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில். சாயங்காலமே இருட்டிவிட்டது. நான் முன்னதாகவே போய் மேடையோரக் கணினியில் கோப்பைத் திறந்தேன். அமைப்புகளைப் பூஜ்யத்தில் வைப்பதுதான் என் வேலை.

எல்லாம் ஏற்கெனவே பூஜ்யத்தில் இருந்தன.

ஆனால் திரையில் சுரங்கள் ஒவ்வொன்றும் தாளக் கோட்டின் மேல், அளவெடுத்து அடுக்கியது போல உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே அழுத்தம். அமைப்பைப் பதிவிலேயே நிரந்தரமாக்கும் கட்டளையை அவன் கொடுத்திருந்தான். அடியில் இனி யாரும் இல்லை.

"கோல், பழைய கோப்பு எங்கே?"

அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அழிச்சிட்டேன். அது தானா மாறிக்கிட்டே இருந்துச்சு, வேற வழி?"

"ரெண்டு இடத்துலன்னு சொன்னியே!"

"ரெண்டு இடத்துலயும்தான்." பிறகு தணிந்த குரலில், "இங்க பாரு. மினியாபொலிஸ்ல ஒரு ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு இத அனுப்பிருக்கேன், என் மெட்டுன்னு. அந்தக் கோணல் விரல் இருந்தா நம்ம வாத்தியார் ஹால்வர்சனே கண்டுபிடிச்சிடுவாரு. செத்தவளுக்கு வேலை வேணுமா என்ன? வந்து சண்டையா போடப் போறா?"

முன்வரிசையில் கெர்டா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் ஹால்வர்சன் எங்கள் பெயரை வாசித்தார். கோல் பொத்தானை அழுத்தினான்.

முதல் வரி கடிகாரம் போல நேராகப் போனது.

இரண்டாவது வரியில் கீழ் சுரம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

ஒரு இமைப்பு.

பிறகு விழுந்தது. கனமாக.

நான் திரையைப் பார்த்தேன். சுரங்கள் கோட்டின் மேலேயே இருந்தன. அமைப்புகள் பூஜ்யம். கோல் பியானோ டிராக்கை ஊமையாக்கினான். விளக்கு சிவந்தது. பியானோ நிற்கவில்லை.

"என்ன பண்ணின நீ?" என்று கிசுகிசுத்தான்.

"ஒண்ணும் பண்ணல."

அவன் ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். டிரம்ஸ் நின்றது, பேஸ் நின்றது. பியானோ மட்டும் அந்தக் கூடத்தில் கடைசிச் சுரம் வரை நடந்து முடித்தது. கைதட்டினார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்தோம் என்று நினைத்திருக்க வேண்டும். கெர்டா மட்டும் தட்டவில்லை. கண்ணை மூடியபடி, "அவதான்" என்றாள்.

கோல் கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கி ஓடினான். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். அவன் என்னை ஏமாற்றியது நெஞ்சில் முள்ளாகக் குத்தினாலும், மார்னி எங்கள் பக்கம் நின்றாள், என் வாக்கை அவளே காப்பாற்றிக் கொடுத்தாள் என்று நம்பினேன்.

போன வாரம் ஹால்வர்சன் என் புதுப் பதிவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பிரிட்டா, நீ அவள மாதிரியே வாசிக்க ஆரம்பிச்சிட்ட. அந்த இடது கை..."

வீட்டுக்கு வந்து சோதித்தேன். புதுக் கோப்பு. எல்லா அமைப்பும் பூஜ்யம். வேறு கேபிள். தம்பியின் பழைய கீபோர்டு. என் இடது சுண்டுவிரலை மெதுவாக, சரியான நேரத்தில் வைத்தேன். கட்டை இறங்கியது. சத்தம் வரவில்லை.

ஒரு இமைப்பு கழித்து வந்தது. நான் அழுத்தியதைவிடக் கனமாக.

எத்தனை முறை வாசித்தும் அப்படியே. என் மெட்டுதான், என் கைதான். அவளுக்காக நான் மட்டும்தானே சண்டை போட்டேன்? கோல் அவளிடமிருந்து எடுத்தது ஒரு பாட்டு. அவள் என்னிடமிருந்து எடுப்பது என் கையை.

இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

திரையில், வெற்று வரியில், கீழே ஒரு சுரம் விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மடியில் இருந்த என் சுண்டுவிரல் குளிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

தைலம்.