சுவரைப் பார்த்து ஒரு நீட்டு

பெரியதுறையில் மாமியாரும் மருமகளும் சண்டை போட வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போவார்கள். பெண் கேட்பது, பங்கு பிரிப்பது, அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் புறணி பேசுவது எல்லாமே மணலில்தான் நடக்கும். ஒரு குடும்பம் பேசி முடிக்கும்வரை அடுத்த குடும்பம் காது எட்டாத தூரத்தில் நிற்கும். வீட்டுக்குள் "சாப்பிட்டாச்சா", "காத்து மாறுது" என்பதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

எல்லாம் சுவர்வாசிப்பான் வந்த பிறகுதான். வெயில் தாங்கவில்லை, சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. பூசினார்கள், வீடும் குளிர்ந்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது, காரைச் சுவர் நாளுக்கு ஒரு தோல் வளர்க்கிறது, அன்றைக்கு அறையில் கேட்ட ஓசையெல்லாம் அந்தத் தோலில் பதிகிறது என்று. சுவர்வாசிப்பான் என்ற முறத்தளவு கருவியைச் சுவரில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு தோலாக வாசித்துச் சொல்லிவிடும். சுவருக்கும் காது உண்டு என்று முன்னோர் சொன்னபோது அதற்கு வாயும் முளைக்கும் என்று யார் கண்டது? வில்லங்கம் உள்ளவர் யாரும் மனுப் போடலாம். சுவர்ச்சான்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாசித்துக் கொடுப்பார்.

அப்படி ஒரு மனுவைப் பேண்டு மாஸ்டர் ரெமிஜியுஸ் போட்டார்.

காரணம் கீழத்துறைக்காரர்கள். கடலோரப் பங்குக்கோயில்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பெருந்திருவிழாவில், மூத்த பேண்டுதான் தேருக்கு முன்னால் போகும். இத்தனை வருஷமும் பெரியதுறை போனது. இந்த வருஷம் கீழத்துறை பேண்டு தன் சுவரை வாசிக்கவைத்து, 1906-இல் தொடங்கியது என்று சான்று வாங்கி வந்துவிட்டது. பெரியதுறை பேண்டின் கொடியில் 1908 என்று எழுதியிருந்தது.

"கொடி எழுதுனவன் தப்பா எழுதிருக்கான்," என்றார் ரெமிஜியுஸ். "எங்க பாட்டன் சவரிமுத்து அதுக்கும் பல வருஷம் முன்னாடியே பேண்டு கட்டிட்டாவ. கீழத்துறைக்காரனுவ எவனையோ கையில போட்டுக்கிட்டுச் சான்று வாங்கிருக்கானுவ."

அவர் தலைமுறை தலைமுறையாக மாஸ்டர். தேருக்கு முன்னால் யூபோனியக் கொம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு பெருமை எதுவும் அவர் தேடியதில்லை. அந்த இடம் போனால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுவர் வாசிக்க வந்தவர் மங்கையர்க்கரசி என்ற அதிகாரி. தென்காசிப் பக்கம். பேண்டு அறையின் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல பழைய காரை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஐஸ் கிடங்கு.

"மேல்தோல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா அடிக்குப் போகணும். நடுவுல தாவ முடியாது," என்றார்.

அவ்வளவுதான், பேண்டுக்காரர்கள் முகம் மாறிவிட்டது. பெரிய டிரம் அடிக்கும் லூர்துராயர், இது மந்திரித்த சுவர், கை வைக்கக்கூடாது என்றார். டிரம்பெட்காரர், ஈரச்சுவர், இடிந்து விழும் என்றார். கிளாரினெட் பொலிகார்ப்பு மட்டும் நேராகக் கேட்டார்.

"இந்த ரூமுல நாங்க பேசுனது பூராவும் வந்துருமோ, மேடம்?"

"வரும்."

ரெமிஜியுஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவர்கள் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் தன்னைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்? கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். "வாசிங்க மேடம்," என்றார்.

மங்கையர்க்கரசி கருவியை ஒட்டினார். சற்று நேரம் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி எல்லாரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சுவர அழிக்க உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

யாருக்கும் புரியவில்லை.

"இதுவரைக்கும் வாசிச்ச ஒரு தோல்லயும் பேச்சு இல்ல. தினமும் கடைசியா பலமா ஏதோ அடிச்சிருக்கு. தோல் இறுகுறதுக்கு முன்னாடி அவ்வளவு பலமா ஓசை பட்டா, அதுவரைக்கும் பதிஞ்சதெல்லாம் கலைஞ்சிரும்."

"அது நீட்டுல்லா," என்றார் லூர்துராயர், உயிர் திரும்பி வந்தவராக.

அந்த வழக்கத்தை ரெமிஜியுஸ் விளக்கினார். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் மேற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். மாஸ்டர் கையைத் தூக்கி இறக்கும்வரை ஒரே சுரத்தை மூச்சு முட்ட ஊதுவார்கள். பெயர் சுவர் நீட்டு. ஏன் என்று கேட்டால், கொம்பிலுள்ள எச்சில் போகத்தான் என்பார் ஒருவர், புனிதருக்குக் காணிக்கை என்பார் இன்னொருவர். பாட்டன் சவரிமுத்து தொடங்கிவைத்த நாளிலிருந்து அது இல்லாமல் ஒருநாளும் அறையைப் பூட்டியதில்லை.

"சுவர்வாசிப்பான் வந்து எட்டு வருஷம்கூட ஆகல. நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த மனுஷர் எதை அழிக்கப் பாத்தார்?" என்று மங்கையர்க்கரசி முணுமுணுத்தார். அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

பேண்டுக்காரர்களுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தாங்கள் பிழைத்ததே போதும் என்று டீ குடிக்கக் கிளம்பினார்கள். நீட்டு ஊதினால் சுவர் ஊமையாகிவிடும் என்ற செய்தி அவர்களோடு டீக்கடைக்குப் போய் ஊர் முழுக்கப் பரவியது.

அடித்தோலுக்குக் கருவி போய்ச் சேர்ந்தபோது அறையில் மாஸ்டரும் அதிகாரியும் மட்டும்தான் இருந்தார்கள். சுவர் பூசிய ஈரம் காய்வதற்குள் பதிந்த தோல் அது. அப்போது நீட்டு தொடங்கியிருக்கவில்லை.

"இது 1897," என்றார் மங்கையர்க்கரசி. "இந்தக் கரையில எல்லாப் பழைய சுவர்லயும் ஒரு புயல் பதிஞ்சிருக்கு. அதை வச்சுக் கணக்குப் போட்டா வருஷம் தப்பாது. கீழத்துறைக்கு ஒன்பது வருஷம் மூத்தவங்க நீங்க."

ரெமிஜியுஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டன் குரல் இருக்கா மேடம்?"

இருந்தது. முதலில் இரைச்சல், பிறகு பணிவான ஒரு குரல்.

"நீங்க குடுத்தனுப்புன கொம்பெல்லாம் வந்துட்டு, துரை. கோயிலுக்கு வாங்குனதுன்னு சொல்லிட்டேன், ஒருத்தனும் சந்தேகப்படல."

இன்னொரு குரல் ஏதோ கேட்டது. பணிவான குரல் மறுபடி சொன்னது.

"சாயந்தரம் ஊதி முடிச்சதும் உங்க சுவரப் பாத்து ஒத்தச் சுரம் ஊதுவோம். குட்டையா இருந்தா ஒண்ணுமில்ல. நீட்டா இருந்தா அன்னிக்கு ராத்திரி களவு உப்பு இறங்குதுன்னு வச்சுக்கிடுங்க. ஊதுறவனுக்கே எதுக்குன்னு தெரியாது. என் கையப் பாத்துத்தான் ஊதுவான்."

மங்கையர்க்கரசி கருவியை நிறுத்தினார். "சுவருக்கு அந்தப் பக்கம் அப்ப என்ன இருந்துச்சு?"

"உப்புச் சாவடி," என்றார் ரெமிஜியுஸ். "வெள்ளக்காரன் காலத்து உப்பு இன்ஸ்பெக்டர் ஆபீஸ்."

கடற்கரையில் ஒரு சிலுவை நிற்கிறது. ஒன்பதாள் குருசு என்று பெயர். உப்புக்கு வரி கட்ட வக்கில்லாமல் களவாக உப்புக் கொண்டுவந்த ஒன்பது பேரை ஒரே இரவில் காத்திருந்து பிடித்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. அதை வைத்துப் பெண் எடுக்காத குடும்பங்கள்கூட உண்டு. வருஷாவருஷம் அந்தக் குருசடியில் சோக கீதம் வாசிப்பது பெரியதுறை பேண்டுதான், ரெமிஜியுஸ்தான் முன்னால் நிற்பார். அதை நினைத்தபோது அவருக்குக் கூச்சத்தில் உடம்பே எரிந்தது.

"சான்று மட்டும் குடுங்க மேடம். குரல் வேண்டாம்."

"ஆதார ஒலிய பொதுவுல வைக்காம சான்று தரமுடியாது. உங்களுக்கு வேண்டாம்னா மனுவ வாபஸ் வாங்கலாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா சுவர் இங்கயேதான் இருக்கும். வேற யாரும் மனுப் போட்டா நான் வாசிச்சுத்தான் ஆகணும்."

"இடிச்சுட்டா?"

"ஏன் இடிச்சீங்கன்னு ஊர் கேக்காதா?" என்ற மங்கையர்க்கரசி, தயங்கிச் சுவரைக் கைகாட்டினார். "இப்ப நாம பேசுனதும் ஏறிருச்சு."

ரெமிஜியுஸ் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, வாசலுக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டார். சுவரில் ஒன்றும் தேறவில்லை, 1908-தான் நம் வருஷம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அது எதற்காகப் பிறந்த நீட்டு என்று தெரிந்தே கையைத் தூக்கினார். இறக்க மனம் வரவில்லை. லூர்துராயருக்கே மூச்சு வாங்கும் அளவுக்கு நீட்டு நீண்டது.

"பாட்டு எதுவும் வாசிக்கல, வெறும் நீட்டு மட்டும். அதுவும் இம்புட்டு நேரம்," என்றார் பொலிகார்ப்பு. "என்னத்த மறைக்கிய மாஸ்டர்?"

"ஒண்ணுமில்லவே."

திருவிழாவில் கீழத்துறை பேண்டு முன்னால் போனது. ரெமிஜியுஸ் இரண்டாவதாக, அவர்கள் கிளப்பிய புழுதியில் நடந்தார். ஆனால் துக்கம் கொண்டாட நேரமில்லை. திருவிழா முடிந்த மறுவாரமே வீடுகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிட்டது. "மாஸ்டர், எங்க வீட்டுச் சுவருக்கும் ஒரு நீட்டு." தெருத்தெருவாகப் போய் ஊதினார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கூப்பிட்ட ஜனங்கள் இப்போது தினம் கூப்பிட்டார்கள். மாமியார் மருமகள் சண்டைகள் வீட்டுக்குத் திரும்பின. கடற்கரையில் மறுபடி பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். பாட்டன் செய்ததற்குத் தன் காலத்தில் ஒரு பரிகாரம் நடக்கிறது என்று ரெமிஜியுஸ் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அவருக்குத் தூக்கமும் திரும்பியது.

ஒரு மாலை டீக்கடையில், வெள்ளைச் சட்டை போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரசாங்கத் துப்புத் துறை என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒரு மாசமா இங்கதான் இருக்கேன் மாஸ்டர். உங்களுக்கு நன்றி சொல்லாம போனா நல்லா இருக்காது."

"எனக்கு எதுக்கு?"

"முன்னாடியெல்லாம் எந்த வீட்ட நோட்டம் விடணும்னு தெரியாம அலைவோம். இப்ப அலைச்சலே இல்ல. நீட்டு எந்தத் தெருவுல கேக்குதோ, அந்த வீட்டுல மறைக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். சுவர் அழிஞ்சா அழியட்டும், வீடு தெரிஞ்சாப் போதும். அப்புறம் வாசல்ல ஆளப் போட்டா வேலை முடிஞ்சுது. இந்த மாசம் மட்டும் ஏழு பேரு உள்ள போயிருக்கானுங்க."

ரெமிஜியுஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க கொம்பெல்லாம் பழசாப் போச்சே," என்றார் அந்த மனிதர், அன்பாகவே. "மேலிடத்துல சொல்லிப் புதுசு வாங்கித் தரவா? கோயிலுக்குன்னு சொல்லிக்கலாம்."

ரெமிஜியுஸ் எழுந்து பேண்டு அறைக்கு நடந்தார். எல்லாரும் வந்திருந்தார்கள். என்ன வாசித்தார்கள் என்பதே அவர் மனதில் நிற்கவில்லை. "இனி எந்த வீட்டுக்கும் போகமாட்டோம்," என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, நீட்டுக்கு நிற்கச் சொன்னார். வழக்கம்போல எல்லாரும் மேற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி, அவர் கைக்காகக் காத்திருந்தார்கள்.

கையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் இறக்கிவிட்டார். நீட்டு பிறந்தவுடனே நின்றது. ஒன்றுமில்லை என்று அந்தச் சுவருக்கு ஒருநாளாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.

பொலிகார்ப்பு கிளாரினெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"எங்க அப்பா காலத்துல இருந்து நீளமா ஊதுனது, இன்னைக்கு மட்டும் குட்டையாப் போச்சு. காரணமில்லாம இருக்காது," என்றார். "நாளைக்கு நான் ஒரு மனுப் போடுதேன் மாஸ்டர். இந்தச் சுவர அடி வரைக்கும் வாசிக்கச் சொல்லி."