பலகையில் இரண்டாயிரம்

அவளைப் பட்டாசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்பு. வாய் ஓயவே ஓயாது. அன்று கண் விழித்ததிலிருந்து பேச்செல்லாம் தண்ணீர்ப் பூங்காவின் சிவப்புச் சறுக்கைப் பற்றித்தான்.

போய்ச் சேர்ந்தால், கார் நிறுத்தவே அரை மணி நேரம் ஆயிற்று. கடைசி மூலையில் ஓர் இடம் கிடைத்தது. நுழைவாயிலில் நீண்ட வரிசை. மேலே மின்பலகை பளிச்சிட்டது: "உள்ளே 2000 பேர். இடம் இல்லை."

வாயிலில் நின்ற மேற்பார்வையாளர் அக்காவிடம் அப்பா விசாரித்தார். உள்ளே இருக்கும் உயிர்காப்பாளர்களால் இரண்டாயிரம் பேரைத்தான் கவனிக்க முடியுமாம். யாராவது வெளியே வந்தால்தான் அடுத்தவர் போகலாமாம். தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

அம்மாவையும் தம்பியையும் வரிசையில் நிறுத்திவிட்டு, துண்டுகளை எடுக்க அப்பாவும் பட்டாசும் காருக்குப் போனார்கள். அப்போது இரண்டு பெரிய பேருந்துகள் அவர்களைக் கடந்து வெளியே போயின. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள். எல்லோர் தலையும் சொட்டச் சொட்ட ஈரம்.

திரும்பி வந்து பட்டாசு பலகையைப் பார்த்தாள். அதே இரண்டாயிரம். எடுத்தாள் ஓட்டம், நேராக அக்காவிடம்.

"அக்கா, ரெண்டு பஸ் நிறையப் பசங்க குளிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. ஆனா பலகையில நம்பர் குறையவே இல்லையே?"

அக்கா முதலில் அவளை வரிசைக்குப் போகச் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, வாக்கி டாக்கியில், பேருந்துகள் கிளம்பும் பின்வாசலைக் கூப்பிட்டார். பதில் இல்லை. உடனே ஆள் அனுப்பினார். அங்கிருந்த காவலாளி ஒழுங்காக எண்ணித்தான் வைத்திருந்தார். அவருடைய வாக்கி டாக்கியில்தான் சார்ஜ் தீர்ந்திருந்தது. போனவர்கள் எண்பத்தாறு பேர்!

பலகை 1914 ஆனது. வரிசையில் ஒரே ஆரவாரம். ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விட்டார்கள். எண்பத்தாறாவது ஆள், அவர்களுக்கு நேர் முன்னால் நின்ற மீசைக்காரர். அவரோடு கயிறு குறுக்கே விழுந்துவிட்டது.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "கண்டுபிடிச்சதே எங்க பொண்ணுதாங்க. நாலே நாலு பேர்..."

அக்கா தயங்கினார். பட்டாசின் கால்கள் உள்ளே ஓடத் துடித்தன. ஆனாலும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்ப்பா. நாம போனா ரெண்டாயிரத்து நாலு ஆயிடும். அந்த நாலு பேரை யாரு பார்த்துக்குவாங்க?"

அக்கா சிரித்தபடி அவள் கன்னத்தைத் தட்டினார்.

பத்து நிமிடம் நத்தை போல நகர்ந்தது. பிறகு வெளிவாசல் திறந்தது. வீட்டுக்கு வர மாட்டேன் என்று வீறிட்ட ஒரு வாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். பின்னால் அவர் மனைவி, மனைவியின் கையைப் பிடித்தபடி இன்னொரு வாண்டு. ஒரு குழந்தை அழுவதைப் பார்த்து அப்பா அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பலகை 1996 காட்டியது.

கயிறு உயர்ந்தது. நான்கு பேர் கையிலும் நீலப் பட்டை ஏறியது. யாரும் ஓடக் கூடாது, தரை வழுக்கும் என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

சொல்லிவிட்டு, அவர்தான் முதலில் ஓடினார்.