மேடையில் சரக்கு இருக்கிறது

பழைய மென்பொருளை நீக்கச் சொல்லி ஷாந்தினி கட்டளை கொடுத்தபோது கணினி மறுத்துவிட்டது. கறுப்புத் திரையில் வந்த ஆங்கில வரியை இன்னொரு முறை படித்தாள். மேடையில் சரக்கு இருக்கிறது, எடை முடியும்வரை நீக்க முடியாது என்றது அது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். லோரிகளை ஏற்றி எடை போடும் நீளமான இரும்பு மேடை மழையில் நனைந்தபடி கிடந்தது. அதன் மேல் ஒன்றுமே இல்லை.

ஆயர் குரோவில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ரெம்பியாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு மதியமே வந்துவிட்டாள். எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறை ஆபீசில் ஒரே ஒரு கணினி. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள்: கணக்கு எழுத விண்டோஸ், எடை போட லினக்ஸ். கணினியைத் திறக்கும்போதே எது வேண்டும் என்று கேட்கும். லினக்ஸ் பக்கத்தில் புதிய எடை மென்பொருளை ஏற்ற வேண்டும், விடிந்தால் லோரிகள் வந்துவிடும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

சின்ன வேலை என்றுதான் அவளும் நினைத்தாள். முதல் பிழை கடிகாரத்தால் வந்தது. இரண்டு இயங்குதளங்களும் ஒரே கடிகாரத்தை வெவ்வேறு விதமாகப் படித்ததில் லினக்ஸ் எட்டு மணி நேரம் முன்னால் போய் நின்றது. அதனால் இறக்கிய கோப்புகளை நம்ப மாட்டேன் என்றது. அதைச் சரிசெய்தாள். அடுத்த பிழை, பழைய மென்பொருள் பாதி நீக்கப்பட்ட நிலையில் கிடப்பதாகச் சொன்னது. அவளுக்கு முன்னால் யாரோ இதே வேலைக்கு வந்து பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். பழையது முழுதாகப் போனால்தான் புதியது ஏறும். அதை நீக்கப் போனபோதுதான் இந்த மறுப்பு.

மேசையில் இருந்த எடைகாட்டியைப் பார்த்தாள். அதன் சிவப்பு எண்கள் ஐம்பது கிலோ என்றன.

மழைத் தண்ணீர் மேடைக்கு அடியில் இருக்கும் உணரிகளில் இறங்கினால் இப்படி ஆவது உண்டு. அவள் பூஜ்யப் பொத்தானை அமுக்கினாள். எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. கட்டளையை மறுபடி கொடுத்தாள். வரிகள் ஓடத் தொடங்கின. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த பழக்குலைகளின் புளித்த எண்ணெய் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, அறையின் பழைய காகித வாடையோடும் அவளுடைய ஈரச் சட்டையின் வாடையோடும் கலந்து, தொண்டையில் ஒரு பிசுக்காகப் படிந்தது. ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன.

மேடையில் சரக்கு இருக்கிறது.

எடைகாட்டியில் மறுபடியும் ஐம்பது.

மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் வந்தது. எண் ஒரேயடியாக ஏறவில்லை. முதலில் இருபது, பிறகு நாற்பது, பிறகு ஐம்பது. கைகளை ஊன்றி, முழங்காலை ஊன்றி, பிறகு ஒரு ஆள் மேலே ஏறுவதைப் போல என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்பின் மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது. கணினிக்கும் எடைகாட்டிக்கும் நடுவில் இருந்த கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கட்டளையைக் கொடுத்தாள்.

மேடையில் சரக்கு இருக்கிறது.

கம்பியின் முனை அவள் கையில் இருந்தது.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மதியம் அறையைத் திறந்துவிட்ட விஜயராணி அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஐம்பது வயதுக்காரி, நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். ஷாந்தினி அவளைப் போனில் அழைத்தாள்.

“அக்கா, ஷாந்தினி பேசறேன். இந்த எடை போடுற திம்பாங் ஏற்கெனவே ரிப்பேரா? மேல ஒன்னுமே இல்ல, ஐம்பது கிலோ காட்டுது.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. “நீ இன்னும் அங்கதான் இருக்கியா?”

“இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது லா. ஸீரோ பண்ணா திரும்பத் திரும்ப வருது.”

“ஸீரோ பட்டன அமுக்குனியா?”

“ஆமாக்கா.”

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“உன் முதலாளிகிட்ட சொன்னோமே. உன்கிட்ட சொல்லலையா அவரு?”

“என்ன சொல்லணும்?”

“குஞ்சம்மாக்கான்னு ஒருத்தவங்க. உதிரிப் பழம் பொறுக்குவாங்க. போன வருசம் இதே மாதிரி மழை. லோரி மறைவுல ஒதுங்கி நின்னிருக்காங்க மா, திம்பாங் மேலேயே. டிரைவர் பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டான், அடிபட்டு அங்கேயே விழுந்துட்டாங்க. பெரியதம்பி அண்ணன்தான் அப்ப எடை போடுற ஆளு, நீ உக்காந்திருக்கிற அதே எடத்துல. ஜன்னல்ல ஒரே மழை, ஒன்னும் தெரியல. லோரி எறங்கிப் போயிருச்சு. ஆனா ஐம்பது கிலோ அப்படியே நிக்குது. மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு…”

“பூஜ்யம் பண்ணிட்டாரா?”

“பண்ணிட்டாரு. ஏறி ஏறி வந்துச்சாம், அவரும் அமுக்கிக்கிட்டே இருந்தாராம். அப்புறம் அடுத்த லோரிய மேல ஏறச் சொல்லிக் கைகாட்டிட்டாரு. அதுவரைக்கும் அவங்க உயிரோடதான் இருந்திருக்காங்க. எழுந்திருக்கப் பாத்திருக்காங்க.”

ஷாந்தினியின் ஆள்காட்டி விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. அதை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெரியதம்பிக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் தெரியாதுதான். ஆனால் எத்தனை தடவை அமுக்கினோம் என்பது நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கத் தொடங்கினாள். நினைக்க முடியவில்லை.

“அக்கா, நான் கெளம்பறேன்.”

“எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வா. போன கட் பண்ணாத. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.”

அவள் பையை எடுத்தபோது திரை அசைந்தது. அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. வரிகள் தாமாக ஓடின. பழைய மென்பொருள் நீக்கப்பட்டது. புதியது ஏற்றப்பட்டது. பிழை எதுவும் இல்லை.

எடைகாட்டியில் பூஜ்யம்.

மேடையில் இப்போது ஒன்றும் இல்லை. அப்படியானால் இறங்கிவிட்டது. எந்தப் பக்கமாக?

கதவைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. அதற்கு வெளியே மழைச் சத்தம் மட்டும். அதைத் திறந்துகொண்டு ஓடினாள்.

கார் மேடைக்கு அந்தப் பக்கம் நின்றது. மேடையைச் சுற்றி இருந்த செம்மண் பள்ளம் முழங்கால் அளவு தண்ணீரில் மூழ்கியிருந்தது. அதில் இறங்கக் கால் வரவில்லை. மேடை மேல்தான் போக வேண்டும். ஏறினாள். இரும்பு அவள் காலடியில் லேசாக அசைந்து கொடுத்தது. கம்பத்தில் எடையைக் காட்டும் பெரிய எண் பலகை சிவப்பாக எரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

அறுபது. அது அவளுடைய எடை.

பாதித் தூரம் வந்துவிட்டாள். பின்னால் இரும்பு இன்னொரு முறை அசைந்தது.

எழுபது. தொண்ணூறு. நூற்றுப்பத்து.

திரும்பவில்லை. ஓடினாள். இழுபடும் சத்தம். ஈரத் துணி இரும்பில் இழுபடுகிற சத்தம். மேடையின் விளிம்பு. மண். தண்ணீர். கார்க் கதவு. உள்ளே விழுந்தாள், அடைத்தாள், பூட்டினாள். நனைந்த கண்ணாடி வழியே அந்தப் பலகையைத் தேடினாள்.

பூஜ்யம்.

“ஷாந்தினி? ஷாந்தினி! வண்டியில ஏறிட்டியா?”

“ஏறிட்டேன் அக்கா. மேல ஒன்னும் இல்ல. போயிருச்சு.”

“கும்புடற சாமிதான் காப்பாத்துச்சு. நேரா எங்க வீட்டுக்கு வா. மெதுவா ஓட்டு மா, சரியா?”

பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சாவியைத் திருகினாள். இஞ்சின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. வெளிச்சம் செம்பனை மரங்களின் மேல் விழுந்தது. காருக்குள் புளித்த எண்ணெய் வாடை. தன் காலணியில் ஒட்டிய சேறாக இருக்கும் என்று நினைத்தாள்.

பீப். பீப். பீப்.

“என்ன சத்தம் அது?” என்றாள் விஜயராணி.

“பெல்ட் போடச் சொல்லுது.”

“போட்டுக்க வேண்டியதுதானே மா.”

ஷாந்தினி தன் மார்பின் குறுக்கே இருந்த பெல்ட்டைப் பிடித்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

“நான் போட்டுட்டேன் அக்கா.”

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு, பக்கத்து இருக்கைக்கு உரியது, மின்னிக்கொண்டே இருந்தது. அந்த இருக்கையின் மெத்தை நடுவில் மெல்ல அமுங்கியது. அமுங்கிய இடத்தைச் சுற்றித் துணி கறுத்துக்கொண்டே போய், விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.