நெஞ்சு மாறிய வீடுகள்

செவ்வாய்க் குடியேற்றம் பூமியிடமிருந்து பிரிவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்புக்கு இன்னும் பத்து நாள். சமூகப் பணியாளர் பூங்கோதைக்கு அன்று அது ஏழாவது வீடு. கணவன் மனைவியான அருமைநாதனும் எஸ்தரும் ஒற்றை அறையின் குறுக்கே போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தார்கள்.

"நாங்க தோண்டற பனியை எங்களுக்கே அளந்து ஊத்தறான் பூமிக்காரன். இன்னும் எத்தனை காலத்துக்கு மேடம்?" என்றான் சுரங்கத் தொழிலாளியான அருமைநாதன்.

"என் இதயத்துக்கு மருந்து பூமிக் கப்பல்லதான் வருது. கப்பல் நின்னா நான் செத்துடுவேன். இவருக்கு அது பெரிசில்லை" என்றாள் எஸ்தர், போர்வைக்கு அப்பாலிருந்து.

பூங்கோதை இருவர் தலையிலும் மறுநெஞ்சியின் பட்டைகளைக் கட்டினாள். ஒருவர் மனதில் இருப்பதை மற்றவர் தனதாகவே உணரச் செய்யும் கருவி. ஒருவருக்கு ஒருமுறைதான் வேலை செய்யும். அருமைநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எஸ்தர் பல்லைக் கடித்தபடி அழுதாள். அரைமணி கழித்து அவனே எழுந்து போர்வையை அவிழ்த்தான்.

நானூறு வீடுகளில் இப்படிச் சண்டை ஓய்ந்தது. துறை பூங்கோதையைப் பாராட்டியது.

பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் பிரிவினை வென்றது. மறுவாரமே பூமி கப்பலை நிறுத்தியது.

பூங்கோதை திரும்பப் போனபோது, எஸ்தரின் மாத்திரை அட்டைகள் மேசைமேல் பரவிக் கிடந்தன. ஆறு வாரத்துக்கு வரும்.

"இவளுக்காக நான் வேண்டாம்னு போட்டேன். இவ என்ன பண்ணினான்னு கேளுங்க" என்றான் அருமைநாதன்.

எஸ்தர் நிமிர்ந்தாள். "பிரியணும்னு போட்டேன். வேலை முடிஞ்சு தண்ணிக்கு வரிசையில நின்ன இவரோட அவமானம் எனக்குள்ள எரியுது மேடம். இன்னைக்கு ஓட்டு வெச்சாலும் அதையேதான் போடுவேன்."

"உன் உயிருடி!"

"என் உயிருதான்."

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் வாக்கை அவள் போட்டாள், அவள் வாக்கை இவன் போட்டான். நானூறு வீட்டிலும் இதேதான் நடந்திருக்கும். கருவி இல்லாவிட்டாலும் அதே பத்தொன்பதுதான் வந்திருக்கும். அப்போது இவனாவது, ஆசைப்பட்டது கிடைத்தது என்று ஆறுதலாக இருந்திருப்பான்.

வாசல்வரை வந்த அருமைநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பூமி மேல இருந்த என் பழைய கோபத்தைத் திருப்பிக் கொடுங்க மேடம். அது இருந்தா, அவ போறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னாவது நம்பிக்குவேன்."

முடியாது என்று சொல்லிவிட்டு பூங்கோதை நடந்தாள். அன்று இன்னும் பதினோரு வீடுகள் பாக்கி. எல்லாரும் அதையேதான் கேட்டு எழுதியிருந்தார்கள்.